வலிப்பை மறைக்க வைப்பது யார்?

வலிப்பு நோய் உள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது பல பெற்றோர் அதைச் சொல்வதில்லை. அவர்களைக் குறை கூறுவது எளிது. ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். விளையாட்டுப் பீரியடில் ஓரமாக உட்கார வைப்பார்கள், சுற்றுலாப் பட்டியலில் பெயர் இருக்காது, வகுப்பில் ஒருமுறை விழுந்துவிட்டால் "குணமான பிறகு கூட்டிவாருங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். பெண் பிள்ளை என்றால் கல்யாணக் கவலை வேறு. வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாக்கிய சொற்களை இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999-லேயே நீக்கியாயிற்று. ஊர் வாய்க்குத்தான் அந்தச் சேதி இன்னும் போய்ச்சேரவில்லை. இந்த நிலையில் 'பெற்றோர் முதலில் உண்மையைச் சொல்லட்டும்' என்பது நியாயமாகாது. சொல்வதால் பிள்ளைக்கு நட்டமில்லை என்று பள்ளிதான் முதலில் காட்டவேண்டும்.

ஆசிரியர்கள் மருத்துவர்கள் அல்லவே, ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்கலாம். பயம் நியாயமானதுதான். ஆனால் இங்கே தேவைப்படுவது மருத்துவமே அல்ல. சுற்றியுள்ள பெஞ்சுகளை நகர்த்தி, தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வைத்து, கழுத்துப் பட்டையைத் தளர்த்தி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்க்கவேண்டும். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாக அடங்கிவிடும். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ, அடிபட்டாலோ, அதுவே முதல் வலிப்பு என்றாலோ 108-ஐ அழைக்கவேண்டும். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் வலிப்பு நிற்பதில்லை. சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அடங்கும் நேரத்தில் அடங்கும், பெயர் மட்டும் சாவிக்குப் போகும். வாயில் கரண்டி வைப்பது அதைவிட மோசம்: பல் உடையும், மூச்சு அடைக்கும். நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது.

கீழே விழுந்து துடிப்பது மட்டுமே வலிப்பு அல்ல. சில பிள்ளைகள் சில நொடிகள் வெறித்துப் பார்த்தபடி உறைந்துபோவார்கள். ஒரே நாளில் பலமுறை இப்படி நேரலாம். பாடத்தில் பாதி வரி விடுபட்டுப்போகும், 'கவனமில்லை' என்று திட்டும் விழும். இதை முதலில் கண்டுகொள்ளும் வாய்ப்பு, நாள் முழுக்க அந்த முகத்தைப் பார்க்கும் ஆசிரியருக்கே உண்டு. சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால், நோயாளிகளில் 70 சதவீதம் பேர்வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாத்திரை தவறுவதும் தூக்கம் கெடுவதும் வலிப்பைத் தூண்டும். தேர்வுக் காலத்தில் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. விடிய விடியப் படிக்கச் சொல்லும் சிறப்பு வகுப்புகள் இதை யோசிப்பதே இல்லை.

மற்ற பிள்ளைகள் பயப்படுவார்களே என்பதும் ஒரு வாதம். பெரியவர்கள் அலறி ஓடினால் பயப்படத்தான் செய்வார்கள். பெற்றோரும் பிள்ளையும் சம்மதித்தால் வகுப்பிடம் முன்கூட்டியே விளக்கிவிடலாம். நேரம் பார்ப்பவர் யார், டீச்சரைக் கூப்பிட ஓடுபவர் யார் என்று பிள்ளைகளே பிரித்துக்கொள்வார்கள். விளையாட்டையும் பறிக்கத் தேவையில்லை. நீச்சலுக்கு அருகில் ஒரு பெரியவர் வேண்டும், உயரத்தில் ஏறுவதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம். கபடிக்கும் ஓட்டத்துக்கும் பெரும்பாலும் தடையே இல்லை.