குதிக்கால் நோவும் கிண்ண ஆசையும்

கோடை வந்துவிட்டால் எம்மவர்களின் ஞாயிற்றுக்கிழமைகள் மைதானத்தில்தான். பழைய மாணவர் சங்கங்களின் கிரிக்கெற், ஊர்ச் சங்கங்களின் உதைபந்தாட்டம், தமிழ்ப் பாடசாலை விளையாட்டுப் போட்டி என்று ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். நல்ல விடயம்தான். ஆனால் இலையுதிர் காலத்தில் கோலியர்ஸ் வுட், ரூட்டிங், மிச்சம் பகுதிகளிலிருந்து எம்மிடம் வருபவர்களில் பலர் சொல்லும் கதை ஒன்றே: "டொக்டர், கோடையில் விளையாடும்போது கால் பிரண்டது. வீக்கம் வற்றிவிட்டது. நோ மட்டும் போகவில்லை."

இடையில் என்ன நடந்தது என்று கேட்டால் அதற்கும் ஒரே பதில்தான். தைலம் பூசினோம், பிடித்துவிட்டோம், இரண்டு இபுபுரோபன் போட்டுக்கொண்டு அடுத்த கிழமை இறுதிப் போட்டி விளையாடினோம்.

நோ குறைவது வேறு, கால் தேறுவது வேறு. கணுக்கால் பிரளும்போது எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் இழுபடுகின்றன, சிலவேளை கிழிகின்றன. கூடவே கால் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மூளைக்கு உணர்த்தும் ஆற்றலும் மழுங்குகிறது. அதனால்தான் ஒருமுறை பிரண்ட கால் மறுபடியும் பிரள்கிறது. அடிபட்ட காலில் மட்டும் நின்று பல் துலக்கிப் பாருங்கள். தள்ளாடினால் அந்தக் கால் இன்னும் மைதானத்துக்குத் தயாரில்லை.

நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்த உதாரணம் ஒன்று உண்டு. 2023 உலகக் கிண்ணத்தில் 7 ஆட்டங்களில் 24 விக்கெற்றுகளை வீழ்த்திய மொகமட் ஷமி, குதிக்கால் நோவுடனேயே பந்து வீசியதாகப் பின்னர் செய்திகள் வந்தன. 2024 பெப்ரவரியில் அவரது அக்கிலிஸ் நாணில், அதாவது கெண்டைக்கால் தசையைக் குதி எலும்புடன் பிணைக்கும் தடித்த நாணில், சத்திரசிகிச்சை நடந்தது. இந்திய அணிக்காக அவர் மீண்டும் ஆடியது 2025 ஜனவரியில். உலகத்தரமான வைத்தியமும் பயிற்சியாளர்களும் சூழ இருந்தவருக்கே பதினான்கு மாதங்கள். எமது நாற்பது வயது ஞாயிறு வீரருக்கு இரண்டு கிழமை போதுமாம்!

எம்மவர்களின் பெரிய மனக்குறை ஒன்றையும் பேசவேண்டும். "ஜி.பி.யிடம் போனேன். எக்ஸ்ரேயும் இல்லை, ஊசியும் இல்லை, ஒரு கடதாசியைத் தந்து அனுப்பிவிட்டார்." அந்தக் கடதாசிதான் வைத்தியம்! 1998இல் சுவீடனில் அல்ஃபிரெட்சன் என்ற மருத்துவரின் குழுவினர், வேறு சிகிச்சைகள் பலன் தராத 15 பேருக்கு, படியின் விளிம்பில் நின்று குதியை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சியைக் கொடுத்தார்கள். நாளுக்கு இருமுறை, 12 வாரங்கள். அந்த 15 பேரும் மீண்டும் ஓடினார்கள். எம்மவர்கள் மூன்றாம் நாளே கடதாசியை லாச்சிக்குள் வைத்துவிட்டு "ஒரு ஊசி போட்டுவிடுங்கோ" என்று வருகிறார்கள். அக்கிலிஸ் நாணுக்குள் ஸ்டீரொய்ட் ஊசி போட்டால் நாண் அறுந்துபோகும் ஆபத்து உண்டு. நாம் மறுப்பது கஞ்சத்தனத்தால் அல்ல. (நோ நாணின் நடுவில் அல்லாமல் குதி எலும்போடு சேரும் இடத்தில் இருந்தால், குதியைப் படியின் மட்டத்துக்குக் கீழே இறக்கவேண்டாம்.)

இன்னொன்று: ஊரிலிருந்து கொண்டுவந்து அலுமாரியில் வைத்திருக்கும் சிப்ரோபுளொக்சசின் குளிசையும் இந்த நாணைப் பழுதாக்கக்கூடியது. 2024 ஜனவரி முதல் பிரித்தானியாவில் வேறு அன்ரிபயோட்டிக் பொருந்தாதபோது மட்டுமே அதை எழுதவேண்டும் என்பது விதி. தடிமனுக்கு எடுத்து விழுங்காதீர்கள்.

எக்ஸ்ரே தேவைப்படும் கால்களும் உண்டு. அடிபட்ட உடனும் பின்னர் பரிசோதிக்கும்போதும் நான்கு அடி வைக்க முடியாவிட்டால், அல்லது கணுக்கால் எலும்பின் பின்விளிம்பைத் தொட்டாலே நொந்தால், படம் எடுக்கவேண்டும். ஆறு கிழமை கடந்தும் நோ, வீக்கம், கால் கைவிடுவதுபோன்ற உணர்வு இருந்தால் மறுபடியும் வந்து காட்டுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் அவ்வளவு காத்திருக்கவே வேண்டாம். எட்டு முதல் பதினான்கு வயதுப் பிள்ளை உதைபந்து ஆடியபின் குதி நோகிறது என்றால் அது பெரும்பாலும் வளரும் எலும்பின் நோ. ஓட்டத்தைக் கொஞ்சம் குறைத்தால் மாறிவிடும். "சாட்டுச் சொல்லுறான்" என்று ஏசாதீர்கள்.

போட்டி நடத்தும் சங்கத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். நொண்டிக்கொண்டு நிற்பவரை "இன்றைக்கு மட்டும் ஆடு" என்று கேட்பதை நிறுத்துங்கள். கிண்ணம் அடுத்த வருடமும் வரும்.

ஓடும்போது யாரோ பின்னால் உதைத்ததுபோல் இருந்து, திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை என்றால், அது நாண் அறுந்த அறிகுறி. 2010 மார்ச்சில் இத்தாலியில் விளையாடும்போது டேவிட் பெக்கமுக்கு அறுந்ததும் இதே நாண்தான். அந்த வருட உலகக் கிண்ணத்தை அவர் இழந்தார். கோலியர்ஸ் வுட்டிலிருந்து அடுத்த ரியூப் நிலையம் ரூட்டிங் புரோட்வே, அங்கே சென் ஜோர்ஜஸ் மருத்துவமனை இருக்கிறது. அன்றே யாரையாவது காரில் கூட்டிப்போகச் சொல்லுங்கள். திங்கட்கிழமை எம்மிடம் வருவதற்காகக் காத்திருக்கவேண்டாம்.