பட்டறைக்கும் கல்லூரிக்கும்

1953ல் ராஜாஜி சர்க்கார், கிராமப் பள்ளிகளில் தினம் மூன்று மணி நேரமே பாடம் என்றது. மீதிப் பொழுதில் பிள்ளைகள் தகப்பன் தொழிலைக் கற்க வேண்டுமாம். குயவர் மகனுக்குச் சக்கரம், சலவைத் தொழிலாளி மகனுக்கு வெள்ளாவி! ஜனங்கள் கொதித்தெழுந்தனர், 1954ல் காமராஜ் சர்க்கார் அதைக் கைவிட்டது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மேற்படிப்புக்கும் வேலைக்கும் வழிகாட்ட, 2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' திட்டம் துவங்கியது. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் எந்தத் திறன்? ஒரே யந்திரத்தில் பழக்கினால், யந்திரம் மாறும் நாளில் பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள். படித்ததைப் புரிந்து எழுதுவது, கணக்கிட்டுப் பார்ப்பது, கூட்டத்தில் பேசுவது, ஏன் என்று கேட்பது ஆகியவையே எங்கும் கூட வரும். (கடைசியானதை முதலாளிமார் விரும்பமாட்டார்கள்.) வந்து போகும் பயிற்சியாளரால் இவை வளரா, அன்றாட வகுப்பில் நிரந்தர ஆசிரியரிடம் வளர்பவை. மாவட்டந்தோறும், மலைக் கிராமப் பள்ளி உள்பட, அந்த ஆசிரியரை முதலில் நியமிக்கக் கோருகிறோம்.