பட்டறைப் பாட்டும் நிறுத்து விசையும்

பெங்களூரின் பழைய குடியிருப்புகளில் 30-க்கு 40 அடி மனைகளில் எழுந்த வீடுகள் பலவற்றில், காருக்கென்று ஒதுக்கிய முன்கொட்டகை காரைத் தெருவுக்கு அனுப்பிவிட்டுப் பட்டறையாகியிருக்கிறது. பொதுத்துறை ஆலையில் முப்பது ஆண்டுகள் லேத் ஓட்டி ஓய்வுபெற்றவருக்கு அது கைப்பழக்கத்தைக் காப்பாற்றும் இடம். வாரம் முழுதும் கணினித் திரையைப் பார்த்துச் சலித்த மென்பொருள் இளைஞருக்கு அது கைகளைக் கண்டுபிடிக்கும் இடம். முதலில் வைஸ் வரும், பிறகு டிரில், பிறகு கிரைண்டர். இவை வந்து சேர்ந்த சில வாரங்களுக்குள் தவறாமல் வருவது பாட்டுப் பெட்டி. தனியாக வேலை செய்பவனுக்குக் குரல் ஒன்று துணையாக வேண்டியிருக்கிறது. அந்தத் தேவையில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பெட்டியை எப்படித் தேர்ந்து எங்கே வைப்பது என்பதில், கார் கொட்டகைப் பட்டறைகள் பெரும்பாலும் கல்யாண மண்டபத்தையே முன்மாதிரியாகக் கொள்கின்றன. தவறு அங்கேதான் தொடங்குகிறது.

எஸ்.பி. ரோடு என்று ஊரார் அழைக்கும் சதர் பத்ரப்பா சாலையிலும், மும்பை லாமிங்டன் சாலையிலும், டில்லி லஜ்பத் ராய் சந்தையிலும், சென்னை ரிச்சி தெருவிலும் ஒலிப்பெட்டி வாங்கப் போகிறவர் முதலில் கேட்கும் கேள்வி 'எத்தனை வாட்?' என்பதே. அட்டைப் பெட்டியின் மேல் பி.எம்.பி.ஓ. என்ற நான்கு எழுத்துகளோடு ஆயிரக்கணக்கில் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே இருக்கும் மின்மாற்றி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கண நேர உச்சத்தை எந்தப் பொது அளவுகோலுக்கும் உட்படாமல் கணக்கிட்டுச் சொல்லும் விளம்பர எண் அது. தொடர்ந்து கிடைக்கும் ஆற்றலோடு அதற்கு உறவு இல்லை. ஏமாற்று என்று அதைச் சொல்வது எளிது. அந்த எண் விலைபோவதற்குக் காரணமான நம்பிக்கைதான் ஆராயத்தக்கது: வேலை செய்யும் இடம் இரைச்சலானது, ஆகவே பாட்டு அந்த இரைச்சலை வெல்ல வேண்டும் என்ற நம்பிக்கை.

கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. சாதாரணத் தரமுடைய ஓர் ஒலிபெருக்கி, ஒரு வாட் ஆற்றலில் ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 88 டெசிபல் ஒலி தரும். கைவேலையின்போது காதுக்கு இதமாக இருக்கும் பாட்டின் அளவு 70 டெசிபல் என்று கொள்ளலாம். 18 டெசிபல் குறைவு என்பது ஆற்றலில் அறுபதில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. அதாவது ஒரு வாட்டுக்கே வேலை இல்லை. மேளமும் தாளமும் திடீரென எழும் தருணங்களுக்கு நூறு மடங்கு இடம் விட்டாலும் இரண்டு வாட்டைத் தாண்டாது. பல ஆண்டுகளாக உள்ளூர்க் கடைகளில் பூட்டித் தரப்படும், டி.டி.ஏ. 2030 என்ற பழைய சில்லைக் கொண்ட 14 வாட் ஆம்ப்ளிஃபயரே ஒரு கார் கொட்டகைக்கு மிகை. ஆற்றலை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல்தான் உயரும். காதுக்கு அது இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். வாட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி காதை எட்டுவதே இல்லை.

காதை எட்டுவது தொலைவைப் பொறுத்தது. திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். கொட்டகையின் கடைக்கோடி மூலையில், நான்கு மீட்டருக்கு அப்பால் நிறுத்திய பெரிய பெட்டியிலிருந்து நேராக வரும் ஒலி, வேலை மேசைக்கு மேலே ஒரு மீட்டரில் வைத்த சிறு பெட்டியினுடையதற்கு ஈடாக வேண்டுமென்றால் 12 டெசிபல், அதாவது பதினாறு மடங்கு ஆற்றல், கூடுதலாகத் தேவைப்படும். சிமெண்டுச் சுவரும் இரும்பு ஷட்டரும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் மூலைப்பெட்டியின் ஓசை சற்றுக் கூடும். ஆனால் கூடுவது குழப்பம், தெளிவன்று. பாட்டின் சொல் மங்கி, ஷட்டரின் கடகடப்பே மேலோங்கும். ஆகவே சிறிய பெட்டிகள் இரண்டு, மேசையின் இரு பக்கமும், காது மட்டத்துக்குச் சற்று மேலே என்பதே நியாயமான அமைப்பு. கிரைண்டரின் தீப்பொறி பாயும் திசையில் மட்டும் அவற்றை வைக்கலாகாது. ஒலிபெருக்கியின் முதுகில் இருப்பது காந்தம். பறக்கும் இரும்புத்தூள் அதைத் தேடி வந்து சுருளின் மெல்லிய இடைவெளியில் குடியேறும்; சில மாதங்களில் பாட்டு கரகரக்கும். முன்பக்கம் நெருக்கமான துணியும் பின்பக்கம் மூடிய பெட்டியும் இருந்தால் அந்தக் கேடு பெருமளவு தவிரும்.

பழைய கார் ஒலிபெருக்கியை மண்பானையின் வாயில் கவிழ்த்துப் பொருத்தும் வழக்கம் இந்தியத் தெருக்களின் சொந்தக் கண்டுபிடிப்பு. தேநீர்க் கடையிலும் தையற்கடையிலும் ஒரு தலைமுறை அந்தப் பானையில்தான் பாட்டுக் கேட்டது. பானைக்குள் அடைபட்ட காற்று தனக்குரிய ஒரே சுருதியில் அதிர்வதால் அந்த ஒரு கீழ்ச்சுரம் மட்டும் பெருத்துக் கேட்கும். அதைக் குறை என்று இகழ வேண்டியதில்லை. கையில் இருப்பதைக் கொண்டு குறைந்த செலவில் குரலுக்குக் கனம் சேர்த்த அறிவு அது. இன்றைய ஆயிரம் வாட் பெட்டியை விடப் பட்டறையின் இயல்புக்கு அதுவே நெருக்கமானது.

இனி இரைச்சலை வெல்லும் ஆசைக்கு வரலாம். கை கிரைண்டர் ஓடும்போது இயக்குபவரின் காதருகே ஒலி 100 டெசிபலை ஒட்டி நிற்கும். அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ், 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம் என்றும், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாக வேண்டும் என்றும் வரையறுக்கிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு உரிய நேரம் 15 நிமிடம். இந்தியத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை இடம் தருகின்றன. அவை இன்னும் தாராளமானவை. வீட்டுக் கொட்டகைக்கு எந்த ஆய்வாளரும் வருவதில்லை. அங்கே கிரைண்டருக்கு மேலே கேட்கும்படி பாட்டை உயர்த்தினால், நூறோடு நூறு சேர்ந்து 103 ஆகும். 15 நிமிடம் ஏழரை நிமிடமாகும். உட்செவியின் நுண்மயிர் உயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. இரைச்சலால் வரும் கேடு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அளவில் தொடங்குகிறது. பேச்சின் மெல்லிய ஒலிகளும் தம்புராவின் மினுக்கமும் ஜாலராவின் கூர்மையும் மங்கத் தொடங்குவது அந்தப் பக்கத்தில்தான். மங்கியதை ஈடுசெய்ய விசை இன்னும் திருகப்படும். பாட்டுக்காகத் தொடங்கிய ஏற்பாடு, பாட்டைக் கேட்கும் உறுப்பையே தின்று முடிக்கிறது.

காதுக்குள் இயர்போன் செருகி அதன்மேல் காப்புறை அணிந்துகொள்வதைச் சிலர் தீர்வாகக் கருதுகின்றனர். அதில் வேறொரு ஆபத்து உண்டு. நல்ல கைவினைஞர் கண்ணால் பாதி வேலையும் காதால் மீதி வேலையும் செய்கிறார். டிரில் பிட் மழுங்கினால் கீச்சிடும். லேத்தில் உளி நடுங்கினால் பரப்பில் வரி விழுவதற்கு முன்பே ஒலியில் தெரியும். ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்து, தேய்ந்த பேரிங் எது என்று சொல்லும் மெக்கானிக் இந்தியாவின் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. இயந்திரத்தின் குரலைப் பாட்டால் மூடுவது, மேசை விளக்கை அணைத்துவிட்டு வேலை செய்வதற்கு ஒப்பாகும். உள்ளிருந்து 'தாத்தா' என்று ஓடிவரும் குழந்தையின் குரலும் அதே காதுக்குத்தான் எட்ட வேண்டும்.

ஆகையால் பட்டறை ஒலியமைப்பில் முதன்மையான உறுப்பு நிறுத்து விசை. கிரைண்டரைக் கையில் எடுக்குமுன் பாட்டை நிறுத்துவதும், காதுக்காப்பை அணிவதும், வேலை முடிந்து இரைச்சல் ஓய்ந்தபின் பாட்டைத் தொடங்குவதும் ஒரே பழக்கத்தின் மூன்று அசைவுகளாக வேண்டும். கிரீஸ் படிந்த விரலால் கைப்பேசித் திரையைத் தடவிக்கொண்டிருந்தால் அந்தப் பழக்கம் படியாது. மேசையின் முன்விளிம்பில், முழங்கையால் தட்டினாலும் அணையக்கூடிய தனி விசை ஒன்று வேண்டும். கால்விசையானால் இன்னும் நன்று. மின் இணைப்பிலும் சில கட்டுப்பாடுகள் உண்டு. வெல்டிங் இயந்திரம் ஓடும் இணைப்பிலேயே ஆம்ப்ளிஃபயரையும் செருகினால் ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் மின்னழுத்தம் தொய்ந்து பாட்டு திணறும். மடிக்கணினியையும் ஆம்ப்ளிஃபயரையும் இணைக்கையில் 'உம்' என்று ரீங்காரம் எழுந்தால், எர்த் பின்னை ஒடித்துவிடச் சொல்லும் அறிவுரை எங்கும் இலவசமாகக் கிடைக்கும். ரீங்காரம் நிற்கும், உயிர்க்காப்பும் அத்துடன் போகும். இரண்டையும் ஒரே பலகையில் செருகுவது அல்லது பாட்டுக் கம்பியில் தனிமைப்படுத்தும் சிறு மின்மாற்றி சேர்ப்பது என்பதே முறை. ஈரத்தரையும் இரும்பு மேசையும் உள்ள இடத்தில் 30 மில்லி ஆம்பியர் கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. எந்த ஒலிப்பெட்டிக்கும் முன்னதாக வாங்க வேண்டிய பொருள்.

வேலைக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு புதிதன்று. உலக்கையோடு பிறந்த வள்ளைப்பாட்டும் ஏற்றத்தோடு பிறந்த ஏற்றப்பாட்டும் வேலையின் தாளத்திலிருந்தே எழுந்தன. ஏற்றப்பாட்டு இறைத்த சால்களை எண்ணும் கணக்கேடாகவும் இருந்தது. கை நின்றால் பாட்டும் நின்றது. இயந்திர யுகம் இந்த உறவைத் தலைகீழாக்கியது. 1940 ஜூன் 23 அன்று பி.பி.சி. 'வேலை செய்கையில் இசை' என்ற பொருள்படும் நிகழ்ச்சியைப் போர்க்கால ஆலைகளுக்காகத் தொடங்கி 1967 வரை ஒலிபரப்பியது. அங்கே பாட்டு உற்பத்தியின் பணியாள். எப்போது ஒலிக்க வேண்டும் என்பதைத் தொழிலாளி தீர்மானிக்கவில்லை. 1957-இல் விவித பாரதி வந்தபின் இந்தியச் சிறு பட்டறைகளின் அலமாரியில் ஏறிய வானொலி சற்று வேறுபட்ட துணை. எண்ணெய்க்கறை படிந்த ஒற்றை ஒலிபெருக்கி, சுத்தியல் விழும்போது மறைந்து, சுத்தியல் ஓயும்போது மீண்டது. மறைந்த அடியைக் கேட்பவரின் மனம் நிரப்பிக்கொண்டது. வீட்டுப் பட்டறை அந்தச் சுதந்திரத்தை இன்னும் முழுமையாகத் தருகிறது. எதைக் கேட்பது, எப்போது நிறுத்துவது என்ற இரண்டும் வேலை செய்பவர் கையிலேயே உள்ளன. நிறுத்தும் உரிமையைப் பயன்படுத்தாதவர் பாதிச் சுதந்திரத்தை வீணாக்குகிறார்.

இதற்கு எதிராக ஒரு வாதம் எழும். உழைத்துக் களைத்தவரின் சொந்தக் கூரைக்குக் கீழே, ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டைச் சத்தமாக வைப்பதற்கும் தடையா? அதிகாரம் படைத்தோரின் ஊர்வலங்கள் விடியும்வரை முழங்கும் நாட்டில் எளியவருக்கு மட்டும் அடக்கமா? வாதத்தில் நியாயம் உண்டு. ஊர்வலத்தின் முழக்கம் தவறென்றால் அதைத் தட்டிக் கேட்பதே அதற்கு விடை. கொட்டகையில் அதன் சிறு நகலை எழுப்புவது விடையாகாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும் இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபலும் வரம்பிட்டு, தனியார் ஒலிக்கருவியின் ஓசை மனையின் எல்லையில் அந்த வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டலாகாது என்கின்றன. சட்டத்தை விட அண்டை வீடு நெருக்கமானது. இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குபவர்கள் இந்த நகரத்தில் ஏராளம். சுவரைக் கடந்து அவர்களின் தலையணைக்குச் செல்வது பாடகரின் குரலன்று, கீழ்ச்சுரத்தின் அதிர்வு மட்டுமே. முட்டை அட்டைகளை ஒட்டினால் அது நிற்கும் என்பது பரவலான மூடநம்பிக்கை. எடையற்ற அட்டை கீழ்ச்சுரத்தைத் தடுக்காது. பெட்டியைப் பொதுச்சுவரிலிருந்து விலக்கி, அடியில் பழைய டயர் டியூபின் துண்டை மடித்து வைத்து, 'பாஸ்' குமிழைச் சற்றுக் குறைத்தால் போதும். செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை.

நல்ல பட்டறையின் அடையாளம் அங்கே கருவிகள் எத்தனை என்பதில் இல்லை. எடுத்த கருவி எடுத்த இடத்துக்குத் திரும்புகிறதா என்பதில் இருக்கிறது. பாட்டுப் பெட்டியும் அங்கே ஒரு கருவியே. வேண்டும்போது கைக்கு எட்ட வேண்டும், வேண்டாதபோது வாய் மூடியிருக்க வேண்டும். எஸ்.பி. ரோட்டில் இனி ஒலிப்பெட்டி வாங்கப் போகிறவர் 'எத்தனை வாட்?' என்று கேட்குமுன், 'இதை எவ்வளவு விரைவாக நிறுத்த முடியும்?' என்று கேட்டால் கடைக்காரர் சிரிக்கக்கூடும். எழுபது வயதிலும் பாட்டின் கடைசி மெல்லிய இழை வரை கேட்கும் காது, அந்தச் சிரிப்புக்குத் தகுந்த விலைதான்.