கண்ணாடியும் கைப்புத்தகமும்

மலிவுச் சாமான் என்றால் நம்மில் பலருக்கும் சற்று அலட்சியந்தான். வெள்ளிக் கும்பாவைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம். சந்தையில் வாங்கிய கண்ணாடிக் கிண்ணம் உடைந்துபோனால், "போகட்டும், திருஷ்டி கழிந்தது" என்று சொல்லி வாரி எறிந்துவிடுகிறோம். இதிலே ஒரு வேடிக்கை இருக்கிறது. எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் என்றைக்கும் கிடைக்கிறது. எல்லோரும் அலட்சியம் செய்த பொருளோ, ஐம்பது வருஷம் சென்றபின் தேடினாலும் அகப்படுவதில்லை. அகப்படாத பொருளுக்கு விலை ஏறுவது உலக வழக்கம்.

இதற்கு அத்தாட்சி வேண்டுவோர் அமெரிக்காவைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் அங்கே இனாமாகக் கொடுக்கப்பட்ட தட்டுகளையும் கோப்பைகளையும் இப்போது சிலர் ஊர் ஊராகத் தேடிப் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். அப்படித் தேடிப் போகிறவர்கள் சட்டைப் பையில் ஒரு சிறு புத்தகம் வைத்துக்கொள்வதும் உண்டு. அந்தச் சாமான்களைப் பற்றியும், அந்தப் புத்தகத்தை உபயோகிக்கும் முறையைப் பற்றியும் இவ்வாரம் சிறிது சொல்ல விரும்புகிறோம். அமெரிக்காவில் குடியேறியிருக்கும் நம்மவர்களுக்கு இது நேராகவே பயன்படக் கூடும். பழம் பொருளை மதிப்பிடும் வித்தை எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒன்றேயாதலால், மற்றவர்களுக்கும் வீண் போகாது.

* * *

1929-ம் வருஷம் அக்டோபர் மாதம் நியூயார்க் நகரத்துப் பங்கு மார்க்கெட் சரிந்து விழுந்தது. அதைத் தொடர்ந்து வந்த பணமுடை உலகத்தையே உலுக்கிற்று. 1933-ம் வருஷத்தில் அமெரிக்காவில் உழைக்கக் கூடியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. இவ்வளவு கஷ்ட தசையில், அந்நாட்டு ஏழைக் குடும்பங்களின் சாப்பாட்டு மேஜைகள் முன் எப்போதும் காணாத வர்ணங்களைக் கண்டன என்றால் ஆச்சரியமாயிருக்கிறதல்லவா?

காரணம் யந்திரந்தான். அதற்கு முன்பெல்லாம் சித்திர வேலை உள்ள கண்ணாடிப் பாத்திரம் வேண்டுமென்றால், தேர்ந்த தொழிலாளி ஒருவர் கையால் செதுக்க வேண்டும். அல்லது திராவகம் வைத்து அரித்தெடுக்க வேண்டும். புதிய முறையிலோ, உருகிய கண்ணாடிக் குழம்பு அச்சுக்குள் விழும், யந்திரம் அமுக்கும், தட்டு வெளியே வரும். சித்திரத்தை அச்சிலே ஒரு தரம் அமைத்துவிட்டால் போதும். பிறகு வருகிற தட்டுகளிலெல்லாம் அது தானே பதிந்துவிடும். நெருங்கிய பூவேலை இருந்தால் கண்ணாடியிலுள்ள குமிழியும் கோடும் கண்ணுக்குத் தெரியா. ஒஹையோவில் ஹாக்கிங், ஃபெடரல் கம்பெனிகளும், பென்ஸில்வேனியாவில் ஜெனெட் கம்பெனியும், மேற்கு வர்ஜீனியாவில் ஹேஸல்-அட்லஸ் கம்பெனியும் இப்படி ரோஜா நிறத்திலும், பச்சையிலும், தேன் நிறத்திலும், ஆழ்ந்த நீலத்திலும் சாமான்களைச் செய்து குவித்தன.

சில காசுக்கு ஒரு கோப்பை கிடைத்தது. காசு கொடுக்காமலும் கிடைத்தது. குவேக்கர் ஓட்ஸ் பெட்டிக்குள் கண்ணாடிச் சாமான் ஒன்றை இனாமாக வைத்தார்கள். பெட்ரோல் போடும் இடங்களிலும் கொடுத்தார்கள். சினிமாக் கொட்டகைகளில் வாரத்தில் ஒரு நாளைத் 'தட்டு இரவு' என்று குறித்து, டிக்கெட் வாங்கியவர்களுக்கு ஓர் உருப்படி வழங்கினார்கள். செட்டுப் பூர்த்தியாக வேண்டுமானால் வாராவாரம் படம் பார்க்க வேண்டும்! படம் எப்படி என்பதைவிட, இந்த வாரம் தட்டா, கிண்ணமா என்பதே பல வீடுகளில் பெரிய கேள்வியாய் இருந்திருக்கும்.

இந்தச் சாமான்களுக்குத்தான் பிற்காலத்தில் 'டிப்ரஷன் கிளாஸ்' என்று பெயர் வந்தது. 'பணமுடைக் கண்ணாடி' என்று நாம் சொல்லலாம். யுத்தத்துக்குப் பிறகு நாகரிகம் மாறவே, பணமுடைக் கண்ணாடி பரணுக்கும் நிலவறைக்கும் போய்ச் சேர்ந்தது. 1970-ம் வருஷத்தில் ஹேஸல் மேரி வெதர்மன் என்ற அம்மையார் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1972-ல் ஜீன் பிளாரென்ஸ் என்பவரின் முதல் புத்தகம் வந்தது. பிளாரென்ஸ் பின்னால் தம் பெரிய புத்தகத்தோடு ஒரு கையடக்கப் பதிப்பையும் வெளியிட்டார். அது பல பதிப்புகள் கண்டது. பாட்டிமார்களின் பரணில் தூசி படிந்து கிடந்த கண்ணாடி இவ்வாறு நூலேறி, விலையும் ஏறிற்று.

* * *

கைப்புத்தகம் அகராதியைப் போன்றது. மாதிரிகளின் பெயர்கள் அகர வரிசையில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் படம், செய்த கம்பெனி, செய்த வருஷங்கள், நிறங்கள், பிறகு உருப்படி உருப்படியாக அளவும் விலையும் கொடுத்திருக்கும். அகராதி வைத்திருப்பவரெல்லாம் புலவரல்லர். அது போலவே கைப்புத்தகம் வைத்திருப்பவரெல்லாம் மதிப்பீட்டாளர் அல்லர். கையில் இருக்கும் உருப்படியிடம் நாலு கேள்வி கேட்டு விடை பெற்ற பிறகே விலைப் பத்தியைப் பார்க்க வேண்டும்.

முதற் கேள்வி: உன் பெயர் என்ன?

இந்தச் சாமான்களில் பெரும்பாலானவற்றின் அடியில் கம்பெனி முத்திரை கிடையாது. சித்திரந்தான் முத்திரை. விளிம்பருகே சிறு வட்டத்துக்குள் ஒரு பெண் நாட்டியமாடினால் அது ஹாக்கிங் கம்பெனியின் 'கேமியோ'. 1930 முதல் 1934 வரையில் செய்தது. இதழ் செறிந்த ரோஜா பூத்திருந்தால் ஃபெடரல் கம்பெனியின் 'ஷேரன்'. செர்ரிப் பழங்களும் பூக்களும் கொத்தாயிருந்தால், ஜெனெட் கம்பெனியார் 1930 முதல் 1939 வரையில் செய்த 'செர்ரி பிளாஸம்'. பெயரோடு அளவும் முக்கியம். ஒரே மாதிரியில் மூன்று நாலு வகைத் தட்டுகள் உண்டு. அரை அங்குல வித்தியாசத்தில் ஒன்று சாதாரணமாகவும் மற்றொன்று அபூர்வமாகவும் இருக்கும். ஆகவே புத்தகத்தோடு கூட ஓர் அளவு நாடாவும் பையில் இருக்கட்டும்.

இரண்டாவது கேள்வி: நீ அசலா, நகலா?

எங்கே விலை ஏறுகிறதோ அங்கே போலி முளைக்கும். செர்ரி பிளாஸத்துக்கு 1973-ம் வருஷத்திலேயே நகல்கள் வரத் தொடங்கிவிட்டன. முதலில் நிறத்தைப் பார்க்க வேண்டும். அசல் செர்ரி பிளாஸத்தில் மிகுதியாகக் கிடைப்பவை ரோஜாவும் பச்சையும். ஒளி புகாத வெளிர் நீலத்திலும் சில உருப்படிகள் உண்டு. ஆழ்ந்த கோபால்ட் நீலத்தில் ஒரு செர்ரி பிளாஸம் கண்ணைப் பறித்தால், கண்ணைக் காப்பாற்றிக்கொண்டு அப்பால் நகர்வது நலம். அப்படி ஒரு நிறத்தில் அந்தக் கம்பெனி அதைச் செய்யவில்லை. அடுத்தபடியாகச் சித்திரத்தைப் பார்க்க வேண்டும். அசல் செர்ரி பிளாஸம் ஜாடியைக் கவிழ்த்தால் அடியில் ஒன்பது பழங்கள் இருக்கும். நகல் ஜாடியில் ஏழுதான். போலி செய்தவருக்கு இரண்டு பழம் மிச்சம். வாங்குகிறவருக்கோ பணமெல்லாம் நஷ்டம்! பழங்களை எண்ணிப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் பொறாதவர்களை நம்பித்தான் போலி உயிர் வாழ்கிறது.

எல்லா நகலும் ஏமாற்றும் நோக்கத்தில் செய்ததல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஃபெடரல் கம்பெனி தனது பழைய 'மாட்ரிட்' மாதிரியை 1976-ம் வருஷத்தில் தானே 'ரிகலெக்ஷன்' என்ற பெயரில் மறுபடியும் செய்தது. பழையதோடு குழப்பம் நேராதபடி சித்திரத்துக்குள் '76' என்ற எண்ணையும் பதித்தது. பிற்பாடு அந்த அச்சுகள் இண்டியானா கிளாஸ் கம்பெனிக்குக் கை மாறியபோது அந்த எண் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே மாட்ரிட் வாங்குகிறவர்கள் '76' இல்லையே என்று மகிழ்ந்துவிடக் கூடாது. எண் இருந்தால் புதியது என்பது நிச்சயம். இல்லாவிட்டால் பழையது என்பது நிச்சயமல்ல.

இன்னொரு பரீட்சையையும் பலர் பெரிதாகச் சொல்லுவார்கள். அக்காலத்துப் பச்சைக் கண்ணாடி சிலவற்றில் யுரேனியம் சிறிது கலந்திருக்கிறது. புற ஊதா விளக்கை அதன்மேல் காட்டினால் பளிச்சென்று பச்சையாய் ஒளிரும். பார்க்க அழகுதான். ஆனால் யுரேனியக் கண்ணாடி அதற்கு முந்தின நூற்றாண்டிலும் செய்யப்பட்டது, பிற்காலத்திலும் செய்யப்படுகிறது. ஒளிர்வது யுரேனியத்துக்குச் சாட்சியேயன்றி வயதுக்குச் சாட்சியல்ல.

மூன்றாவது கேள்வி: உன் உடம்பு எப்படி?

இதற்குப் புத்தகம் உதவாது. விரல் நுனிதான் உதவும். விளிம்பைச் சுற்றி, உள்ளும் புறமும், விரலை மெதுவாக ஓட்ட வேண்டும். கண்ணுக்குத் தப்பிய சில்லு விரலுக்குத் தப்பாது. ஓரிடத்தில் விளிம்பு தட்டையாகவும் மற்ற இடத்தில் உருண்டையாகவும் இருந்தால், யாரோ சில்லை மறைக்கச் சாணை பிடித்திருக்கிறார் என்று கொள்ளலாம். அளவு நாடாவும் அதைக் காட்டிக் கொடுக்கும். பிறகு வெளிச்சத்தில் உயர்த்திப் பார்க்க வேண்டும். தட்டில் கத்திக் கீறல்கள் தெரியும். டம்ளரிலும் ஜாடியிலும் சில சமயம் பனி படர்ந்தாற்போல் மங்கல் இருக்கும். அது அழுக்கல்ல, கண்ணாடியின் மேல் தோலே அரிக்கப்பட்டுவிட்ட நோய். எத்தனை தேய்த்தாலும் போகாது. ஈரமாயிருக்கும்போது மட்டும் மறைந்து நிற்கும். ஆகையால் நனைந்த சாமானையோ எண்ணெய் தடவிய சாமானையோ துடைத்து உலர்த்திப் பாராமல் விலை பேசலாகாது. குமிழியும் சிறு கோடும் வேறு விஷயம். அவை பிறவி மச்சங்கள். அவசரமாய் ஓடிய யந்திரத்தின் அடையாளங்கள். அவற்றுக்காக மிகவும் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

நாலாவது கேள்வி: உன் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள்?

விலையை நிர்ணயிப்பது பெரும்பாலும் இதுதான். வயது அல்ல, அழகுகூட அல்ல. சிறு கிண்ணங்களும் கோப்பைத் தட்டுகளும் ஏராளமாய் மிஞ்சியிருக்கின்றன. வெண்ணெய்ப் பாத்திரத்தின் மூடியும் சர்க்கரைக் கிண்ணத்தின் மூடியும் குறைவு. மூடிதானே முதலில் கை தவறி விழும்! மூடி இல்லாத பாத்திரத்துக்கு ஒரு விலை. மூடி வந்து சேர்ந்தால் முற்றிலும் வேறு விலை. பல மாதிரிகளில் மூடி மட்டுமே பாத்திரத்தைவிட மதிப்புள்ளது.

ஃபெடரல் கம்பெனி 1931, 1932-ம் வருஷங்களில் 'பாரட்' என்ற கிளி மாதிரியைச் செய்தது. அதன் தண்ணீர் ஜாடி மிகவும் அபூர்வம். ஒஹையோவில் ஒரு பழைய இரும்புக் கடையின் நிலவறையில் முப்பத்தேழு ஜாடிகள் ஒரு தடவை அகப்பட்டனவாம். சேர்ப்பவர்கள் கையில் உள்ள கிளி ஜாடிகள் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையே. விற்காமல் தங்கிவிட்ட சரக்கென்று அந்தக் கடைக்காரர் அக்காலத்தில் எவ்வளவு சலித்துக்கொண்டாரோ, யார் கண்டார்?

* * *

நாலு கேள்விக்கும் விடை கிடைத்த பிறகு விலைப் பத்தியைப் பார்க்கலாம். அப்போதும் மூன்று விஷயங்களை மறக்கலாகாது. புத்தகத்தில் உள்ளது பழுதற்ற உருப்படியின் விலை. சில்லு விழுந்ததற்கு அதில் ஒரு சிறு பங்கும் தேறாது. அது கடையில் விற்கும் விலை. கடைக்காரர் நம்மிடம் வாங்கும் விலை அதனினும் மிகக் குறைவு. அது புத்தகம் அச்சான வருஷத்து விலை. 1995-ம் வருஷத்தில் இபே என்னும் ஏலம் இன்டர்நெட்டில் தொடங்கிய பின், ஒவ்வோர் ஊரிலும் தனித் தனியே ஒளிந்திருந்த சாமான்கள் ஒரே சந்தைக்கு வந்து சேர்ந்தன. அபூர்வம் என்று எண்ணியிருந்தவை பல சாதாரணமாகிவிட்டன; விலையும் இறங்கிற்று. பழைய பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுவது போன வருஷத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கல்யாணத்துக்கு நாள் வைப்பது போலாகும். மாதிரியின் பெயருக்கும் அளவுக்கும் பழைய புத்தகமே போதும். விலைக்கு மட்டும், அண்மையில் உண்மையாக விற்றுத் தீர்ந்த கணக்கைப் பார்ப்பதே உத்தமம். ஒருவர் கேட்கும் விலை அவருடைய ஆசை. மற்றொருவர் கொடுத்த விலையே சந்தையின் தீர்ப்பு.

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். இந்த வித்தை தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையே நடக்கும் வியாபாரத்தில் கைப்புத்தகம் ஒரு ஆயுதமாகிவிடுகிறது. வீட்டைக் காலி செய்யும் வயோதிக ஸ்திரீ ஒருத்தி, தன் தாயார் வாராவாரம் சினிமாவுக்குப் போய்ச் சேர்த்த செட்டை முற்றத்தில் பரப்பி, ஒரு டாலர் என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கிறாள். வாங்க வந்தவருக்கு அதன் விலை தெரியும், விற்கிறவளுக்குத் தெரியாது. சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போவது சட்டப்படி குற்றமல்ல. போலியை அசலென்று விற்பவன் நம்முடைய அறியாமையால் பிழைக்கிறான் என்று கோபிக்கிறோமே, அந்தக் கோபம் நியாயமானால், அடுத்தவளுடைய அறியாமையால் நாம் பிழைப்பது மட்டும் எப்படிச் சாமர்த்தியமாகும்? "அம்மா, இதற்கு இன்னும் அதிகம் கிடைக்கும்; விசாரித்துப் பாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பேரத்தைத் தொடங்கினால் குடி முழுகிப் போகாது. அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன பிறகும் அவள் அதே விலைக்குக் கொடுத்தாளானால், அந்தத் தட்டை மன நிம்மதியோடு வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். வழியில் உடைந்துவிடாமல் காகிதத்தில் நன்றாகச் சுற்றிக்கொண்டு!