வார் வாங்கும் முன்

பெண் பிள்ளைகளுக்குத் துப்பாக்கி எதற்கு என்று கேட்போருக்கு விடை கூற இக்கட்டுரையை நாங்கள் எழுதவில்லை. தேசிய மாணவர் படையில் பெண்களுக்கென 1949ஆம் ஆண்டு தனிப்பிரிவு தொடங்கியபோதே அக்கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயிலில் பரங்கிமலையைக் கடக்கும்போதெல்லாம் அந்த விடை எங்கள் கண்ணிலும் படுகிறது. மலைமேல் புனித தோமையாரின் கோவில். அடிவாரத்தில், 1992 முதல் பெண்களையும் படை அதிகாரிகளாக்கி அனுப்பும் பயிற்சிக் கழகம். வேலால் குத்துண்டு அப்போஸ்தலர் மரித்ததாக மரபு கூறும் மலையின் கீழேயே ஆயுதப் பயிற்சியா என்று எங்கள் அருட்சகோதரி ஒருவர் ஒருமுறை கேட்டார்கள். கேட்டுவிட்டு, முகாமுக்கான அனுமதிப் படிவத்தில் கையெழுத்தும் போட்டார்கள். அவர்களுக்கு எங்கள் நன்றி!

நாங்கள் சொல்ல வந்தது வேறு. சென்ற கோடை விடுமுறையில் நம் பகுதியில் தொடக்கநிலை ரைபிள் வகுப்பு ஒன்று நடைபெறும் என்று அறிவிப்பு வந்தது. எங்கள் வகுப்பில் ஒன்பது பேர் சேர ஆசைப்பட்டோம். கூடவே ஒரு பட்டியலும் வந்தது: தடித்த ஜாக்கெட், கையுறை, 'ஸ்லிங்' எனப்படும் வார். விலையைக் கேட்டவுடன் ஐவர் பின்வாங்கினர். அவர்களுள் ஒருத்தியின் தாயார் குரோம்பேட்டையில் தையல் வேலை செய்பவர். "இந்தப் பணத்தில் உன் தங்கையின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டிவிடலாமே, கண்ணு" என்றாராம். அவள் ஒன்றும் பேசாமல் படிவத்தை மடித்துப் புத்தகத்திற்குள் வைத்துக்கொண்டாள். எங்கள் முகாமில் ஐந்து குண்டுகளையும் ஒரே சிறு வட்டத்திற்குள் அடக்கியவள் அவள்தான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

வகுப்பு தொடங்கிய பின்புதான் தெரிந்தது, அங்கே கற்பித்தது 10 மீட்டர் ஏர் ரைபிள் என்று. அது நின்றுகொண்டு சுடும் போட்டி. நின்று சுடும்போது வார் கட்டிக்கொள்ள உலகப் போட்டி விதிகள் இடம் தருவதே இல்லை! கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அரங்குகளில் பதக்கம் வென்றதும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றதும் இந்தப் போட்டியில்தான், வாரின்றித்தான். ஆக, எங்கள் தோழி எந்தப் பொருளுக்கு அஞ்சி விலகினாளோ, அந்தப் பொருள் அவ்வகுப்பிற்குத் தேவையே இல்லை. பட்டியல் போட்டவர்கள் எல்லாப் போட்டிகளுக்கும் சேர்த்து ஒரே தாளாக அச்சடித்துவிட்டார்கள் போலும். அச்சடித்தவர்களுக்கு அது ஒரு தாள். அவளுக்கோ ஒரு கோடை.

அப்படியானால் வார் வீண் பொருளா? இல்லை, இல்லவே இல்லை. படுத்துச் சுடுவதில் அது பாதி வித்தை எனலாம்.

முதன்முதலில் அச்சொல்லைக் கேட்டு வந்து அகராதியைப் புரட்டினோம். 'கவண்' என்று போட்டிருந்தது. தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கிளி ஓட்டிய வள்ளியை நினைத்துக்கொண்டு முகாமுக்குப் போன எங்களிடம், பயிற்சியாளர் ஐயா பச்சை நிறக் கான்வாஸ் பட்டை ஒன்றைக் கொடுத்தார். பள்ளிப்பை வாரைவிடச் சற்று அகலம், அவ்வளவே. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொள்ளத்தான் அது என்று எண்ணினோம். படுத்தபோதல்லவா அதன் மகிமை புரிந்தது!

எங்களுக்குக் கிடைத்த பாயின்ட் டூ டூ ரைபிள் ஏறத்தாழ 4 கிலோ எடை. கேட்பதற்குச் சிறிது. படுத்தபடி இடது உள்ளங்கையில் அதைத் தாங்கி, 25 கெஜம் தள்ளி நிற்கும் இலக்கை இரண்டு நிமிடம் நோக்கிக்கொண்டிருந்து பாருங்கள். தசை நடுங்கும், முனை ஆடும், இலக்கின் கருப்பு வட்டம் தாயம் உருட்டினாற்போல் உருளும். வாரின் ஒரு முனையை வளையமாக்கி இடது மேற்கையில் மாட்டி, மறுமுனையைத் துப்பாக்கியின் முன்கட்டையில் இணைத்துவிட்டால், மேற்கை, முன்கை, வார் மூன்றும் ஒரு முக்கோணம் ஆகின்றன. பாரத்தை இப்போது தசை தாங்குவதில்லை. எலும்பும் வாரும் தாங்குகின்றன. சரியாகக் கட்டியிருக்கிறோமா என்றறிய எளிய சோதனை உண்டு. குண்டில்லாத துப்பாக்கியில், இடது கையை முற்றும் தளர்த்திப் பார்க்க வேண்டும். முனை தாழ்ந்தால் வார் தொய்வு. விரல் மரத்தால் இறுக்கம் அதிகம். வலது கையால் சற்று உந்தினால்தான் கட்டை தோளில் அமரும் என்ற அளவே சரி.

இன்னொரு நுட்பம். மேற்கையின் நடுவே உட்புறமாக நாடி ஓடுகிறது. வளையம் அதன்மேல் அழுந்தினால், இதயம் துடிக்கும்தோறும் முனையும் துள்ளும். எங்களில் ஒருத்தி இதைப் பேய் என்றே நம்பினாள்! வளையத்தை அக்குளுக்கு அருகே உயர்த்தி, வெளிப்புறமாகத் திருப்பியதும் பேய் ஓடிவிட்டது.

இவ்வளவும் தெரிந்தால் வாரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது தானே விளங்கும். நீளக்கூடாது, நழுவக்கூடாது, உங்கள் கைக்குப் பொருந்த வேண்டும். எங்கள் கைகளோ மெலிந்தவை. பெரியவர்களின் அளவுக்குத் தைத்த வளையத்தைக் கடைசித் துளை வரை இறுக்கினாலும் அது முழங்கைக்குச் சரிந்து வருகிறது. விலையுயர்ந்த தோல்வாரை ஆசையோடு வாங்கிய மாணவிக்கும் இதே கதிதான். நம் ஊரில் தோலைப் பழிக்க எங்களுக்கு மனமில்லை; குரோம் லெதர் ஆலையால் பெயர் பெற்ற ஊரையடுத்து வாழ்கிறவர்கள் நாம்! என்றாலும் ஐப்பசி மழையில் அலமாரிக்குள் கிடந்த தோல்வார் பூசணம் பூத்து வந்ததையும், வியர்வையில் ஊறி அதன் துளைகள் விரிந்ததையும் கண்ணால் கண்டோம். பருத்திக் கான்வாஸ் நனைந்தால் சிறிது விறைக்கும், உலர்த்தினால் போதும். நைலான் இரண்டையும்விட உறுதி, ஆனால் வழவழப்பானது வழுக்கும். உட்புறம் சொரசொரப்பான துணி வைத்துத் தைத்தது நல்லது. போட்டிகளில் 40 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அகலம் கூடாது. தொடக்க மாணவிக்குக் கொக்கி நகர்த்தும் கான்வாஸ் வாரே போதும் என்பது எங்கள் துணிபு. கைக்குப் பெரிதாயிருந்த வாருக்குத் தாம்பரம் மார்க்கெட் அருகே செருப்புத் தைக்கும் தாத்தா இரண்டு துளை கூடுதலாகப் போட்டுக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டார். சொன்னோம். காசு வாங்க மறுத்துவிட்டார்.

வாங்கும் முன் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அம்மாவின் பழைய நூல்சேலைக் கரையைக் கிழித்து, ஒரு கம்பின் நடுவில் கட்டி, பாயில் குப்புறப் படுத்து நாங்கள் பழகினோம். சேலைக்கரை இழுபட்டு நீண்டது. அதனால்தான் வார் நீளக்கூடாது என்பதை ஒருவரும் சொல்லாமலே கற்றோம். கண்ணை மூடி இருமுறை மூச்சு விட்டுத் திறந்தால் கம்பு எங்கே நோக்குகிறதோ அதுவே உடலின் இயல்பான திசை. அது இலக்கை விட்டு விலகியிருந்தால் கையால் தள்ளக்கூடாது. இடுப்பை நகர்த்த வேண்டும். பார்த்த பாட்டி சிரித்தார்கள். சிரிக்கட்டுமே!

மற்ற ஆயத்தங்களுக்குக் காசே வேண்டாம். எந்தக் கண் வலிமையானது என்று அறிந்துகொள்ளுங்கள்: இரு கைகளாலும் சிறு சாளரம் அமைத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடினால் தெரியும். நகம் வெட்டுங்கள். மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னல் கன்னத்துக்கும் கட்டைக்கும் நடுவே வந்து நிற்கும். அன்று மட்டும் கொண்டை. கையுறை வேண்டுமென்றால் ஸ்கூட்டர் ஓட்டும் அண்ணனிடம் கேளுங்கள். காதடைப்பு மட்டும் கட்டாயம். அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். குண்டில் ஈயம் இருப்பதால், சுட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூடாது.

ஒழுக்கத்தைப் பற்றிப் பெற்றோர் அஞ்ச வேண்டாம். அச்சிறு குண்டு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் பாயக்கூடியது என்று முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். முனை எப்போதும் இலக்கை நோக்கியே. சுடும் கணம் வரை விரல் விசைக்கு வெளியே. முகாம் மைதானத்தில் நிலவும் அமைதி எங்கள் படிப்பறையில்கூட நிலவியதில்லை. (வகுப்புத் தலைவி மன்னிக்க!)

சென்னையில் விமன்ஸ் கிறிஸ்டியன் கல்லூரியில் பயின்ற ரூபா உன்னிகிருஷ்ணன் 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 மீட்டர் தூரத்தைப் படுத்துச் சுட்டுத் தங்கம் வென்றார். ஆக்ஸ்போர்டு செல்ல ரோட்ஸ் உதவித்தொகை பெற்றவரும் அவரே. அந்நிலையில் அவருக்குத் துணை நின்ற கருவிகளுள் வாரும் ஒன்று. ஆனால் எந்தச் சிறுமியும் வாரில் தொடங்குவதில்லை, கையில்தான் தொடங்குகிறாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்களுக்கோ ஆடக் கற்குமுன்பே கூடத்தை வாங்கச் சொல்கிறார்கள்!

ஆதலால் தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்திற்கும் ஒரு விண்ணப்பம். கொக்கி நகரும் கான்வாஸ் வார் நான்கு, பள்ளியின் பொதுச்சொத்தாக, என்.சி.சி. அறைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கட்டும். ஒருத்தி சுடும்போது மற்றவள் காத்திருக்கத்தானே போகிறாள். நான்கே நாற்பது பேருக்குப் போதும். வெளி வகுப்பின் பட்டியல் எது வந்தாலும், எந்தப் பொருள் எந்த நாளில் தேவை என்று எழுதி வாங்கிய பிறகே அதை மாணவியர் கையில் கொடுக்க வேண்டும். முதல் மாதம் எதையும் வாங்கச் சொல்லும் வகுப்பை ஏற்கவே கூடாது என்பது எங்களில் பெரும்பாலோர் எண்ணம். இருவர் மட்டும் காதடைப்பை விலக்காகச் சேர்க்கச் சொன்னார்கள், ஒத்துக்கொண்டோம்.

அந்தத் தோழி இன்னும் படிவத்தைப் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. சென்ற வாரம் நாங்கள் மூவர் அவள் வீட்டுக்குச் சென்றோம். தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கேட்ட அம்மா, "வாரை நான் தைக்கமாட்டேனா? அளவைக் கொண்டு வாங்க, பிள்ளைங்களா" என்றார். முழங்கைக்கு மேலே அவள் கையின் சுற்றளவு எட்டரை அங்குலம். ஒரு துண்டுத் தாளில் குறித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்.