எடைக்குப் போடுவதற்கு முன்

ஒரே வளையத்தில் கோத்த மூன்று சிறு கருவிகள்: காலில் தைத்த முள்ளைப் பிடுங்க ஒரு சாமணம், தோலைக் கீறித் திறக்க ஒரு ஊசி, காதுக் குறும்பி எடுக்க நுனி குழிந்த ஒரு கம்பி. தமிழகக் கிராமங்களில் முள்வாங்கி என்று அரைஞாண் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த கொத்து இது. இன்று தாத்தாவின் தகரப் பெட்டி அடியில் அகப்பட்டால் பேரப்பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரிவதில்லை. வீட்டைக் காலி செய்யும் நாளில் உடைந்த சொம்போடும் நசுங்கிய தாம்பாளத்தோடும் சேர்ந்து பழைய பாத்திரக் கடைத் தராசில் ஏறிவிடுகிறது.

சிந்துவெளி நகரமான ஹரப்பாவை அகழ்ந்தபோது ஏறக்குறைய இதே அமைப்பில் சாமணம், ஊசி, குறும்பிக் கம்பி மூன்றும் சேர்ந்த செம்பு உலோகக் கொத்து ஒன்று கிடைத்தது. மெசபடோமியாவின் ‘ஊர்’ (Ur) என்ற பழைய நகரிலும் அதன் உறவுக்கருவிகள் கிடைத்திருக்கின்றன. நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனிதக் கைக்குப் பொருந்தி வந்த வடிவத்தைத்தான் கிலோ கணக்கில் விற்கிறோம். அதை நிறுத்த வேண்டும்.

சீப்பின் கதையும் இப்படித்தான். கீழடியில் யானைத் தந்தத்தில் செய்த சீப்பு கிடைத்தது. இஸ்ரேலின் லாகீஷில் கிடைத்த ஒரு தந்தச் சீப்பில் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் எழுத்துகளை 2022இல் ஆய்வாளர்கள் படித்து வெளியிட்டார்கள். தலையிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தத் தந்தம் ஒழிக்கட்டும் என்ற வேண்டுதல் அது. சுமார் 3,700 ஆண்டுப் பழமையானது என்று கணித்திருக்கிறார்கள். கானானிய அகரவரிசையில் கிடைத்த முழு வாக்கியங்களில் மிகப் பழையதாகக் கருதப்படும் அந்த வாக்கியம், அரசனின் வெற்றியைப் பாடவில்லை; பேன் தொல்லையைப் பேசுகிறது. நம் வீடுகளில் இருபக்கமும் நெருக்கமாகப் பல் வைத்த மரப் பேன்சீப்பும், கூந்தலிழையில் ஒட்டிய ஈரை உருவும் ஈர்கொல்லியும் அதே தொல்லைக்குப் பதிலாகப் பிறந்தவை. திண்ணையில் மகளை மடியில் சாய்த்துத் தலை பார்த்த தாய்மார்களைப் பற்றிப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஒரு வரி கிடையாது. அந்தச் சீப்புதான் அவர்களுடைய ஆவணம்.

பெட்டியில் சவரக்கத்தி கிடைத்தால் அது இன்னும் கனமான வரலாறு. மடக்குக் கைப்பிடி, தீட்டுவதற்கு ஒரு தோல்வார், சாணைக்கல், வெட்டுக்காயத்தில் வைக்கப் படிகாரம். ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு முத்திரையோடு வந்த கத்திகள் நம் சிற்றூர்வரை எட்டின. அவற்றைப் பிடித்த கைகள் பெரும்பாலும் நாவிதர் என்ற ஒரே சமூகத்தைச் சேர்ந்தவை. சவரம் செய்தவர்களே கட்டி கீறி மருந்து கட்டினார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். கூலியாக அவர்களுக்குக் களத்தில் நெல் அளந்தார்கள். ஆனால் பல வீடுகளில் அவர்களை வாசலைத் தாண்டி உள்ளே விடவில்லை. அந்தக் கத்தியைப் பரணில் வைத்திருக்கும் குடும்பம், அதைப் பிடித்தவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கடமைப்பட்டிருக்கிறது.

பிராமண வீடுகளில் கைம்பெண்களின் தலையை மழித்ததும் அதே கத்திதான். அந்தப் பெண்களுக்குச் சீப்பு, கண்மைச் சிமிழ், குங்குமச் சிமிழ் எல்லாம் ஒரே நாளில் விலக்கப்பட்டன. பளபளப்புக் குறையாத ஒரு குங்குமச் சிமிழுக்குப் பின்னால் இருபது வயதில் கணவனை இழந்த ஒருத்தி இருந்திருக்கலாம். 1890இல் பம்பாயில் நாவிதர்கள் கூடி, இனிமேல் கைம்பெண்களின் தலையில் கத்தி வைக்க மாட்டோம் என்று முடிவெடுத்தார்கள். தொழிலாளர் தலைவர் நாராயண் மேகாஜி லோகாண்டே அதன் பின்னணியில் இருந்தார். வருமானத்தை இழந்தாலும் பரவாயில்லை என்று கத்தியைக் கீழே வைத்தவர்களின் துணிவு, நம் பள்ளிப் பாடங்களில் இடம்பெறத் தக்கது.

பிறகு வந்தது அமெரிக்க நிறுவனமான ஜில்லெட். கழற்றி மாட்டும் பிளேடு வைத்த ரேஸர்கள் 1903இல் விற்றவை வெறும் 51. அடுத்த ஆண்டே 90,000ஐத் தாண்டின. ஒரே பெட்டியில் சவரக்கத்தியும் திருகு ரேஸரும் இருந்தால், ஆண்கள் தாங்களே கண்ணாடி பார்த்துச் சவரம் செய்யத் தொடங்கிய காலத்தின் தடம் அது.

இந்தப் பழைய கருவிகளை வைத்துக்கொள்வதிலும் சில கவனங்கள் உண்டு. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் கைபட்டுக் கைபட்டு உருவான மேற்பரப்பு போய்விடும். உலர்ந்த துணியால் தூசு துடைத்தாலே போதும். பழைய கத்திகளில் சிலவற்றின் கைப்பிடி செல்லுலாய்டு. அது மட்கும்போது வரும் ஆவி, கத்தியைத் துருப்பிடிக்க வைக்கும்; செல்லுலாய்டு எளிதில் தீயும் பிடிக்கும். அதைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்கக் கூடாது. நினைவுக்காகக்கூட அந்தக் கத்தியை முகத்தில் வைக்கவும் வேண்டாம். பிறர் இரத்தம் பட்ட கருவியால் வரும் தொற்று பற்றிய எச்சரிக்கைகளால்தான் சலூன்களில் ஆளுக்கொரு பிளேடு வழக்கம் வந்தது. சீப்பு தந்தமாக இருந்தால் விற்பது குற்றம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, அத்தகைய பொருளை வாரிசாகப் பெற்றவர் 90 நாட்களுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும்.

புனேயில் தினகர் கேல்கர் என்ற மனிதர் விளக்கு, பாக்குவெட்டி, சீப்பு, பாதம் தேய்க்கும் பித்தளைக் கருவி என்று அன்றாடப் பொருட்களை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தார். ஏழு வயதில் இறந்துபோன மகன் ராஜாவின் பெயரை அந்தத் தொகுப்புக்கு வைத்தார். சுமார் 20,000 பொருட்கள் கொண்ட அந்த அருங்காட்சியகம் இன்று மகாராஷ்டிரத்தின் பெருமை. சென்னை அருகே முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கும் தென்னிந்திய வாழ்வியல் அருங்காட்சியகமான தட்சிணசித்ராவைப் பார்த்தவர்கள் இத்தகைய தொகுப்பின் அருமை அறிவார்கள். தமிழகத்தின் மாவட்ட அரசு அருங்காட்சியகங்களிலும் சிற்பத்துக்கும் காசுக்கும் பக்கத்தில், முள்வாங்கிக்கும் ஈர்கொல்லிக்கும் ஓர் அலமாரி திறக்கலாம். கொண்டுவந்து கொடுப்பவரிடம், யாருடையது, எந்த ஊர், யார் செய்து கொடுத்தது, எப்போதுவரை பயன்பட்டது என்று நான்கு கேள்வி கேட்டு எழுதி வைக்க ஒரு பதிவேடு வேண்டும். எண்பது வயதைத் தாண்டிய பாட்டிகள் பல வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அந்த நான்கு கேள்விக்கும் அவர்களால் பதில் சொல்ல முடியும்.