இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா?

ப்ராஜெக்ட் தலைப்பு கொடுக்கும் நாளை நினைச்சுப் பாருங்க. ட்ரோன், பேட்டரி, மெஷின் லேர்னிங் என்றால் எல்லோரும் தலையாட்டுவோம். "வேலைக்கு ஆள் எடுக்கும்போது பாரபட்சம் இருக்கான்னு பார்க்கப் போறேன்" என்று ஒருத்தி எழுந்து சொன்னால்? "இது ஆர்ட்ஸ் காலேஜ் வேலைப்பா" என்று சிரிப்போம். நானும் சிரித்தவன்தான்.

ஆனால் இந்த ஆய்வுகள் நம்ம லேப் பரிசோதனை மாதிரியே நடக்கின்றன. ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை, அவ்வளவுதான். 2012-ல் அமெரிக்காவில் 127 அறிவியல் பேராசிரியர்களிடம் ஒரே விண்ணப்பத்தைக் கொடுத்தார்கள். சிலருக்கு ஜான் என்ற பெயரில், சிலருக்கு ஜெனிஃபர் என்ற பெயரில். ஜானுக்குத் திறமை அதிகம் என்றார்கள். சம்பளம் சுமார் 30,200 டாலர். ஜெனிஃபருக்குச் சுமார் 26,500 டாலர். பெண் பேராசிரியர்களும் இப்படித்தான் மதிப்பிட்டார்கள்.

அடுத்ததைக் கேளுங்க. 2015-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், இதே ஆய்வின் சுருக்கத்தைப் படிக்கக் கொடுத்து, "இதன் தரம் எப்படி?" என்று கேட்டார்கள். பெண்களைவிட ஆண்கள் குறைவாக மதிப்பிட்டார்கள். அந்த இடைவெளி பளிச்சென்று தெரிந்தது யாரிடம்? அறிவியல், பொறியியல் பேராசிரியர்களிடம். நம்ம ஆளுங்கதான்!

"அது அமெரிக்கா" என்று தள்ளிவிடவும் முடியாது. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் இந்தியாவில் தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை அனுப்பி, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. மாறியது பெயர் மட்டும்.

கேள்வியே கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எத்தனை பேரிடம் எடுத்தீங்க, திரும்பச் செய்தால் அதே விடை வருமா, தாராளமா கேளுங்க. ஆனால் அதே கேள்வியை நியூரல் நெட்வொர்க் ப்ராஜெக்ட்டையும் பார்த்துக் கேளுங்க. ஒன்றுக்குக் கைதட்டலும் இன்னொன்றுக்குச் சிரிப்பும் என்றால், நாம் மதிப்பிடுவது ஆய்வையே இல்லை.

ப்ளேஸ்மென்ட் வரும்போது நம்ம ரெஸ்யூமேயும் யாரோ ஒருத்தர் மேசையில் கிடக்கும். நாலு வருஷம் கழித்து அந்த மேசைக்கு அந்தப் பக்கம் நாமே உட்காரலாம். அதனால், அடுத்த ரிவ்யூவில் அப்படி ஒரு தலைப்போடு யாராவது எழுந்தால் சிரிக்காதீங்க. "எப்படிச் செய்யப் போற?" என்று கேளுங்க.